துணைக்கு இருத்தல்

மதியம் மழை வலுத்த நேரத்தில் ஜெயலெட்சுமியின் சின்ன 'கஞ்சில்' கார் பர்மா ரோட்டுச் சந்தில் அந்தப் பழைய வீட்டின் முன் நின்றது.

வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் கம்பெனியில் அட்டவணை போடுவது அவள் வேலை. புதிதாக வந்த கம்ப்யூட்டரில் ஒரு நோயாளிக்கு எத்தனை சேவையோ, அத்தனைக்கும் தனித்தனி ஆள், தனித்தனி முடிவு தேதி. இந்த வீட்டில் தனியாக இருந்த யாழ்ப்பாணத்துக் கிழவி கமலாம்பிகை இறந்த மறுநாளே குளிப்பாட்டுவதையும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதையும் முடிவு தேதி போட்டு மூடிவிட்டாள். ஆள் கிடைக்காமல் தன் பெயரிலேயே போட்டு, மாதக்கணக்கில் தானே வந்துபோன 'துணைக்கு இருத்தல்' மட்டும் பாக்கி. வாடகை வீல்சேர் திரும்பினால்தான் அதை மூட முடியும்.

பக்கத்து வீட்டு ஹபீபா பீவி சாவியைக் கொடுத்து, உள்ளே அதிக நேரம் நிற்காதே என்றார். நிற்க அவளுக்கும் நேரமில்லை. கெலுகோரிலுள்ள தன் பிளாட்டுக்கு மகள் சந்திரிகா பள்ளி பஸ்ஸில் வந்து சேர்ந்திருப்பாள்.

உள்ளே யூக்கலிப்டஸ் தைல வாசனை இன்னும் போகவில்லை. அடைத்த ஜன்னல்கள். அரையிருட்டு. வீல்சேரை வாசல்வரை தள்ளிவந்தவள், மாதக்கணக்கான பழக்கத்தில் திரும்பிப் பாராமலே சொன்னாள்:

"போயிட்டு வரேம்மா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.

உள்ளறையிலிருந்து அந்த யாழ்ப்பாணத்துக் குரல் மெல்லக் கேட்டது.

"எப்ப வருவீர், பிள்ளை?"

சாத்தியிருந்த வாசற்கதவு திறக்கவில்லை. சாவி சுற்றியது, தாழ் அசையவில்லை. கத்தினாள். தகரக் கூரையில் கொட்டிய மழை அதை விழுங்கியது. கையிலிருந்த வீல்சேர் திடீரென்று கனத்தது.

யாரோ உட்கார்ந்த கனம்.

கூடத்தில் டெலிபோன் அடித்தது. ஆபீஸிலிருந்து அருந்ததி.

"அக்கா, என்னலா இது? கம்ப்யூட்டர்ல நீங்க போட்டு வெச்ச மத்த நோயாளி ஒருத்தரையும் காணோம். கமலாம்பிகை மட்டும்தான் நிக்குது. காலையில, மத்தியானம், ராத்திரி, எல்லாம் நீங்கதான். முடிவு தேதி போட்டா ஏத்துக்க மாட்டேங்குது..."

இணைப்பு அறுந்தது.

"வருவன் எண்டு சொன்னீர்தானே." இப்போது காதருகில்.

எந்த வீட்டிலும் வாயெடுத்துச் சொல்லாத சொல்லைச் சொன்னால்தான் விடுதலை என்று ஜெயலெட்சுமிக்குத் தோன்றியது.

"நான் போறேன். இனிமே வரமாட்டேன். வீட்டுல எம் பிள்ளை தனியா இருக்கு."

"தனியாவோ?" குரலில் அத்தனை இரக்கம்.

தாழ் தானாகவே விலகியது.

வீல்சேரைப் போட்டுவிட்டு மழையில் ஓடினாள். ஹபீபா பீவி வீட்டு டெலிபோனில் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். சந்திரிகாதான் எடுத்தாள்.

"மெதுவா வாங்கம்மா, பயமா இல்ல. துணைக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க. நீங்க அனுப்பினீங்களாமே."

"சந்திரிகா, கதவைத் திறந்து வெளிய ஓடு."

"திறக்க முடியலம்மா," என்றது குழந்தை. "அவங்க இனிமே போகவே மாட்டாங்களாம்."