கூரை ஓடுகளைக் குத்தும் நேரம்

கிங்ஸ்பரியில் சிவானந்தன் கையைத் தூக்கினால் கார் நிற்கும். லொறி நிற்கும். நூற்று எண்பத்து மூன்றாம் நம்பர் பஸ் நிற்கும். ஒருநாள் மேலே போய்க்கொண்டிருந்த மேகம்கூடச் சட்டென்று நின்றது. சந்தேகம் என்றால் தக்ஷிகாவைக் கேளுங்கள். அவள் கண்ணால் கண்டவள்.

சிவானந்தன் அவளுடைய பெரியப்பா. அப்பாவின் மூத்த அண்ணை. இருவருக்கும் நடுவில் இன்னும் ஆறு பேர் பிறந்துவிட்டதால், பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகளை வீதி கடக்க வைப்பது அவர் வேலை. மஞ்சள் கோட்டுப் போட்டு, வட்டப் பலகை பூட்டிய நீளத் தடியோடு நிற்பார். தடி பெரியதொரு லொலிபொப் மாதிரி இருப்பதால், பள்ளிக்கூடம் முழுக்க அவர் லொலிபொப் பெரியப்பா. அவருடைய மீசை மிகவும் அகலம். மழை வந்தால் இரண்டு சின்னப் பிள்ளைகள் அதன் கீழே ஒதுங்கி நிற்கலாம்.

தக்ஷிகாவுக்குப் பத்து வயது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்பாள். வகுப்பில் பெருக்கல் கணக்கு நடக்கும்போது அவள் பாதி நேரம் வெம்பிளிக்கு மேலே பறந்துகொண்டிருப்பாள்.

மூன்று கிழமைக்கு முன் பெரியப்பாவின் போனுக்குத் தமிழில் ஒரு தகவல் வந்தது. அவர் பதிந்திருக்கும் மருத்துவ நிலையத்தில் எந்த மொழி வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தார்கள். அவரும் நெஞ்சை நிமிர்த்தித் தமிழ் என்று சொல்லியிருந்தார். ஆனால் இந்தத் தகவலில் அனுப்பியவர் பெயர் இல்லை. வெறும் இலக்கம்தான் இருந்தது.

“அன்புள்ள சிவானந்தன், உங்கள் கூரை ஓடுகளைக் குத்தும் நேரம் வந்துவிட்டது. இந்த இலக்கத்தை அழைக்கவும்.”

பெரியப்பா அதை மூன்று முறை வாசித்தார். மூன்றாம் முறை மீசை துடித்தது.

“பாத்தியே பிள்ளை? கூரையைக் குத்த வாறாங்களாம். அதையும் அன்புள்ள எண்டு தொடங்கிச் சொல்லுறாங்கள்.”

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. போன வருடம் ஏணியோடு இரண்டு பேர் தவமலர் மாமி வீட்டுக்கு வந்தார்கள். கூரையில் ஏறி, நல்ல ஓடு ஒன்றைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, இது கழன்று கிடந்தது என்று சத்தியம் செய்து, திருத்தக் காசு கேட்டார்கள். ஆகவே பெரியப்பா ‘கிங்ஸ்பரி உறவுகள்’ வாட்ஸப் குழுவில் அந்தத் தகவலைப் போட்டு உடனே எழுதினார்: “கூரைக் கள்ளர் கவனம். வந்த தகவலை உடனே அழியுங்கோ.” பக்கத்தில் பன்னிரண்டு சிவப்பு அபாயக் குறிகள் போட்டார். தங்களுக்கும் அதே தகவல் வந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லோரும் அழித்தார்கள். பெரியப்பாவுக்கு நன்றி மேல் நன்றி வந்து போன் சூடாகிவிட்டது.

தக்ஷிகாவுக்கோ அன்று முழுக்க ஒரே கனவு. ஓடுகளைக் குத்தினால் எப்படி இருக்கும்? வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் பனிமூட்டத்துக்குள் ஏணி வைத்து ஏறுகிறார். கையில் விளக்குக்கம்பம் அளவு ஊசி. வீடுகள் எல்லாம் புகைபோக்கியைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொள்கின்றன.

மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா இரத்தப் பரிசோதனைக்காக மருத்துவ நிலையத்துக்குப் போனார். தக்ஷிகாவும் கூடப் போய் வெளியே காத்திருந்தாள். சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரிசை. ஊசி போட்டவர்கள் தங்கள் மொழியின் வரிசையில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். குஜராத்தி வரிசை தோரணம் மாதிரித் தொங்கியது. போலிஷ் வரிசையிலும் சோமாலி வரிசையிலும் பொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

தமிழ் வரிசையில் ஒன்றுமே இல்லை. பனி கொட்டிய வீதி மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை.

தாதி ஏஞ்சலா அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஜமேக்காவில் பிறந்தவர், அவர் சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அன்று சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று தமிழர்களுக்கு அழைப்புப் போனது, ஒருவர்கூட வரவில்லை என்றார். அவர்களுக்கு ஊசி பிடிக்காது என்று மேலாளர் முடிவு செய்துவிட்டாராம். நாளை சனிக்கிழமைதான் கடைசி நாளாம். அதன் பிறகு இந்தச் சனிக்கிழமை ஊசி வேறு ஊருக்குப் போய்விடுமாம்.

“உங்கள் ஆட்களுக்கு ஊசி என்றால் பயமா?” என்று கேட்டார்.

லொறிக்கே பயப்படாத பெரியப்பாவை நினைத்துத் தக்ஷிகாவுக்கு ரோசம் வந்தது. அது என்ன ஊசி என்று கேட்டாள்.

“ஷிங்கிள்ஸ்.”

பலகைக்கு மேலே ஒரு படம் இருந்தது. யாரோ ஒருவரின் இடுப்பில், ஒரு பக்கம் மட்டும், சிவப்புக் கொப்புளங்கள். அதே கொப்புளங்களைத் தக்ஷிகா கண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கஸ்பர் மாமாவுக்குப் போன குளிர்காலம் வந்தது. சட்டைத் துணி பட்டாலே துள்ளுவார். தேவாலயப் பாட்டுக் குழுவில் இடிபோலப் பாடுபவர், மூன்று மாதம் முனகிக்கொண்டு கிடந்தார். அதன் பெயர் அக்கி என்று அம்மா சொல்லியிருந்தார்.

ஷிங்கிள்ஸ். அந்தச் சொல்லை வேறெங்கோ கேட்டிருக்கிறாளே. ஆ, பள்ளிக்கூடத்தில். பழங்காலத்து வீடு செய்தபோது ஐஸ் குச்சிகளைக் கூரையில் அடுக்கி ஒட்டினாள். அந்த மரத் துண்டுகளுக்கும் ரீச்சர் அதே பெயர்தான் சொன்னார்.

தக்ஷிகாவின் தலைக்குள் ஓடுகள் எல்லாம் புறாக்களாகிப் படபடவென்று பறந்தன. ஒரே சொல்தான். நோய்க்கும் அது பெயர், ஓட்டுக்கும் அது பெயர். மொழிபெயர்த்த கணினி ஓட்டைப் பிடித்துக்கொண்டது. ஊசிக்கு இங்கே சொல்லும் ‘ஜாப்’ என்ற சொல்லையும் குத்தாக்கிவிட்டது.

அவள் சொல்லி முடித்ததும் ஏஞ்சலா சிரித்தார், ஜன்னல் அதிர்ந்தது. பிறகு மெல்ல அடங்கினார்.

“அவர்கள் வரமாட்டோம் என்று சொல்லவில்லை. நாங்கள்தான் கூப்பிடவே இல்லை.”

இனி ஒரே இரவில் யார் தமிழில் அத்தனை பேரையும் கூப்பிடுவது என்று அவர் யோசித்தார். தக்ஷிகாவுக்கு ஆள் தெரியும். எல்லோரும் கேட்பது ஒருவர் சொல்லைத்தான். ஆனால் அழியுங்கோ என்று பன்னிரண்டு அபாயக் குறி போட்டவரும் அவர்தானே.

வீடு போகும் வழியெல்லாம் அவளுக்குக் கவலை. போன மாதம் பெரியப்பாவுக்கு இரண்டு நாள் தும்மலும் தடிமனும். அவர் இடத்தில் நிற்க ஆள் இல்லை. பிள்ளைகள் வீதியோரத்தில் ஏங்கி நின்றார்கள், ஒரு குட்டிப் பையன் கார் வருவதைப் பாராமல் ஓடப் பார்த்தான். இரண்டு நாளுக்கே அப்படி. அக்கி வந்து மூன்று மாதம் என்றால்?

பெரியப்பா முழுவதையும் கேட்டார். மீசை மெல்லத் தொங்கியது, தாடை வரைக்கும், கழுத்து வரைக்கும்.

“இத்தனை சனத்தையும் நான் எல்லோ மறிச்சுப்போட்டன். இனி என்ன முகத்தோட எழுதுறது?”

தக்ஷிகா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பெரியப்பா, காலமை பள்ளிக்கூடத்துக்கு முன்னால நீங்கள் எங்களை மறிச்சு வைப்பீங்கள். பிறகு?”

“பிறகென்ன? பாதை சரியெண்டால் போங்கோ எண்டு விடுவன்.”

“மறிச்சபடியே விட்டிட்டு வீட்டை போறேல்லைத்தானே?”

பெரியப்பா அவளைப் பார்த்தார்.

“அப்ப பாதை தெரியேல்லை, மறிச்சனீங்கள். இப்ப தெரியுது. போங்கோ எண்டு சொல்லுங்கோவன்.”

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டார். பிறகு போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். “அது ஓடு இல்லை, அக்கி. ஊசி வராமல் காக்கும், வந்தாலும் குறையும். நான் பிழையாய் விளங்கிப்போட்டன். நாளைக்குப் பத்து மணிக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்.”

பெரியப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் பதில் கஸ்பர் மாமாவிடமிருந்து வந்தது.

“மூண்டு மாதம் சேட்டுப் போடாமல் கிடந்தவன் சொல்லுறன். போங்கோ. சிவா அண்ணைக்குப் பின்னால நானும் வாறன்.”

சனிக்கிழமை காலை கிங்ஸ்பரி முழுவதும் பஞ்சுப் பனிமூட்டம். மருத்துவ நிலையத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து முளைத்தார்கள். குடைகள், கம்பளித் தொப்பிகள், சேலைக்கு மேலே கோட்டுகள். நாலாயிரம் பேர் என்று சொல்லத்தான் ஆசை. ஏஞ்சலாவின் பட்டியலில் முப்பத்தொன்பது என்று இருக்கிறது.

பெரியப்பாவின் தடி பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்தது. தக்ஷிகா அதற்கும் வழி வைத்திருந்தாள். அம்மாவின் நீள அகப்பையில் ஒரு கடதாசித் தட்டை ஒட்டியிருந்தாள். ஒரு பக்கம் ‘நில்’. மறுபக்கம் ‘வாங்கோ’.

பெரியப்பா அகப்பையைத் தூக்கினார். கார் நின்றது. பஸ் நின்றது. பனிமூட்டம்கூட இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அவர் தட்டைத் திருப்பிப் பிடித்தார். முப்பத்தெட்டுப் பேர் கதைத்துக்கொண்டே வீதியைக் கடந்தார்கள்.

கடைசியாகப் பெரியப்பா கடந்தார். ஊசியைக் கண்டதும் லொறிக்கே பயப்படாதவர் கண்ணை மூடி, தக்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தமிழ் வரிசை நிரம்பி, பொட்டுகள் பலகையைத் தாண்டிச் சுவரில் ஏறின. அடுத்த சனிக்கிழமையும் ஊசி இங்கேதான் என்று மேலாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஏஞ்சலா ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். தக்ஷிகா அதில் ‘அக்கி’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதைக் கணினியின் நெற்றியில் ஒட்டினார்.

எல்லோரும் ஊசி போட்ட இடது தோளைத் தேய்த்தபடி வெளியே வந்தபோது பனி கலைந்து, வெயில் கூரைகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடுகள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கின. எதிலும் ஒரு குத்துக்கூட இல்லை. ஒரு புறா மட்டும் ஓட்டின் விளிம்பில் உட்கார்ந்து, இடது சிறகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.