பனிக்கடியிலிருந்து அழைத்தவர்

1927 ஏப்ரலில் ஒரு காலை, ரங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றின் தரைத்தள வார்டுக்கு ராஜரத்தினத்தைத் தூக்கி வந்தார்கள். வடக்கே பனிமலைக்கு நில அளவைக்குப் போன குழுவின் சமையற்காரர் அவர். குளிரில் கருகிய கால்விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

வெளியே வெயில் தகித்தது. அவர் மூன்று கம்பளி கேட்டார்.

நர்ஸ் மக்தலேனா போர்த்திவிட்டாள். அந்தக் கட்டிலைச் சுற்றி மட்டும் தரை சில்லிட்டிருந்தது. ஈரக் கல்லின் வாடை.

மறுநாள் நண்பகல்.

தட்... தட்... தட்...

கட்டிலுக்கு அடியிலிருந்து. அங்கே அறை ஏதும் கிடையாது. வெறும் மண்தான்.

"உங்களுக்கும் கேக்குதா, நர்ஸம்மா?" ராஜரத்தினம் கிசுகிசுத்தார். "சர்வேயர் அமீர் அலி ஐயாதான் அது."

"அவர் எங்கே?"

"பனிக்குள்ள. பழைய பனி மேல ரெண்டு நாளா புதுப் பனி கொட்டியிருந்துச்சு. வெயில் ஏறினா இளகிச் சரிஞ்சிடும், விடியறதுக்குள்ள சரிவைத் தாண்டிடணும்னு வழிகாட்டி சொன்னான். நான் தூங்கிட்டேன். என்னால எல்லாருக்கும் தாமசம். நடுச்சரிவுல போறப்போ உச்சி வெயில். காலுக்கடியில 'ஊம்'னு ஒரு சத்தம். அப்புறம் மலையே நகந்துச்சு."

அவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"உள்ளேருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. கையால தோண்டினேன். மேல இன்னொரு விரிசல் விட்டுச்சு. பயந்து ஓடிட்டேன், அம்மா. ஓடுறப்பவும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு."

தட்டுவது நின்றது.

"ராஜரத்தினம்... இன்னும் எவ்வளவு தோண்டணும்?"

தரைக்குள்ளிருந்து வந்த குரல். மக்தலேனாவும் கேட்டாள்.

"இதோ வந்துட்டேன், ஐயா!" கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார் ராஜரத்தினம். தரையை நகத்தால் பிறாண்டினார். நகங்கள் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. தோளைப் பிடித்து இழுத்தாள் மக்தலேனா. அசைக்க முடியவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவர் குப்புறக் கிடந்தார். உடம்பு விறைத்திருந்தது.

மக்தலேனா புரட்டிப் பார்த்தாள். வாயிலும் மூக்கிலும் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது.

டாக்டர் குனிவதற்குள் அது உருகித் தண்ணீராக வழிந்தது. இதயம் நின்றுவிட்டது என்று அவர் எழுதினார்.

தரையைக் கழுவி, அந்தக் கட்டிலை வடிவேல் என்ற துறைமுகக் கூலிக்குக் கொடுத்தார்கள். கை முறிந்து வந்தவன். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மக்தலேனா கஞ்சி கொண்டுபோனபோது அவன் கேட்டான்:

"நர்ஸம்மா, கீழே யாரு குடியிருக்காங்க? ரெண்டு ஆம்பளைங்க பேசிக்கிட்டே இருக்காங்களே."

"என்ன பேசுறாங்க?"

"சரியாப் புரியல. உங்க பேரைத்தான் அடிக்கடி சொல்றாங்க."