காயாத இடம்

சுவர் முழுக்கக் காய்ந்துவிட்டது, ஓர் இடத்தைத் தவிர.

கட்டிலில் கிடந்தபடியே அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் மதியம் இரண்டாவது கோட்டு பெயிண்ட் அடித்து முடித்த சுவர். கருநீலம் என்று டப்பாவில்தான் இருந்தது. சுவரில் ஏறியதும் கறுப்புக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இந்த ஜாதிப் பெயிண்ட் ஈரமாக இருக்கும்வரை மினுங்கும். காய்ந்ததும் மினுக்கம் செத்துக் கரும்பலகை மாதிரி மங்கிப்போகும். பாதி ஆயுளைச் சுவர்களோடு கழித்தவனுக்கு இது தெரியாதா? மற்ற இடமெல்லாம் மங்கிவிட்டது. அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும், ஓர் ஆள் உயரத்துக்கு, ஓர் ஆள் அகலத்துக்கு, ஒரு துண்டு இன்னும் மினுங்கியது.

உள்ளிருந்து ஈரம் கசியும் ஓதமாக இருந்தால் வெளுத்து உப்புப் பூக்கும். இது வெளுக்கவில்லை.

பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் கழுத்தும் அதற்குக் கீழே எதுவும் அவன் சொல் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டையில் போட்ட துளையோடு குரலும் போயிற்று. மிச்சம் இருந்தது கண்களும் இமைகளும். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. வீடே அந்தப் பேச்சைப் பழகிக்கொண்டது. ஆனால் கேட்டதற்குத்தான் அதில் பதில் சொல்ல முடியும். கேட்காத ஒன்றைச் சொல்ல வழியே இல்லை.

வெளிச்சம் பட்டால் அவனுக்குத் தலை பிளந்தது. வெயில் நேராக விழும் அறை. வெள்ளைச் சுவர்கள் அதை வாங்கி அவன் கண்ணிலேயே திருப்பி அடித்தன. அறையை இருட்டாக வைத்தால் தூக்கம் வரும் என்று நர்ஸ் சொன்னதை மனைவி பிடித்துக்கொண்டாள். அவன் தம்பி, அவனும் பெயிண்டர்தான், மிச்சமான டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"அண்ணி, இது பெட்ரூமா, குகையா? அண்ணன் வௌவாலா மாறிடப் போறாரு."

"தலைகீழாத் தொங்காம இருந்தாச் சரி. வாயக் கொறச்சு ரோலரை ஓட்டுங்க."

"ஒரு பெரிய வீட்டுக்கு அடிச்சது அண்ணி. அடிச்ச மறுநாளே எல்லாத்தையும் சுரண்டி வெள்ளையாக்குன்னுட்டாங்க."

"ஏனாம்?"

"சொன்னாத்தானே. வீட்டுக்காரர் அந்த ரூமுக்குள்ள காலே வைக்கல. வாசல்ல நின்னே பேசினாரு. காசு இருக்கிறவன் புத்தி, நமக்கென்ன? பெயிண்ட் மிச்சம்."

மகள் ரோலரின் பின்னாலேயே திரிந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். வைத்தது அவன்தான். வாய்விட்டு அப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"சித்தப்பா, இதுல சாக்பீஸ்ல எழுதலாமா?"

"எழுது, எழுது. அம்மா திட்டினா சித்தப்பா ஊர்லயே இல்லைன்னு சொல்லிடு."

காய்ந்ததும் அவள் வரைந்தாள். ஒரு வீடு, ஒரு சூரியன், நிற்கிற அம்மா, நிற்கிற பட்டாணி. அப்பாவை மட்டும் படுக்கைவாக்கில் வரைந்தாள்.

மறுநாள் காலையில் சூரியனில் பாதி இல்லை.

யாரும் துடைத்திருக்கவில்லை. துடைத்தால் சாக்பீஸ் மாவாக இழுபட்டுத் தடம் விட்டிருக்கும். இது ஈரத்தில் ஊறிக் கரைந்து உள்ளே போனது போல, வெட்டினாற்போல நின்றிருந்தது. மினுக்கம் இப்போது அலமாரியை விட்டு நகர்ந்து, சூரியனின் மறுபாதியைத் தொட்டுக்கொண்டு நின்றது. நின்றது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. மேலே உருண்டையாகக் குறுகி, கீழே தோளாக அகன்று.

மனைவி அதன் முன்னாலேயே நடந்துபோனாள். குனிந்து பெருக்கினாள். ஒன்றையும் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்வதற்கில்லை. சுவரில் உள்ள குறை நேராக நின்று பார்ப்பவன் கண்ணில் படாது. தாழ இருந்து, சுவரோடு சுவராகக் கண்ணை ஓட்டினால்தான் தெரியும். அந்த வீட்டில் தாழ இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவன்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்த பட்டாணி பையைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கே போனாள். கன்னத்தைச் சுவரில் வைத்தாள்.

"அப்பா, இங்க ஜில்லுன்னு இருக்குப்பா."

அவன் உள்ளுக்குள்ளே கத்தினான். தொண்டைத் துளையில் காற்று மட்டும் சீறியது. அவள் முகத்தை எடுத்தபோது கன்னத்தில் துளி நீலம் இல்லை. அங்கேதான் அவனுக்குப் பயம் பிடித்தது. ஈரச் சுவர் தொட்டவனை ஒட்டாமல் விடாது.

"நான் அமுக்கினா அதுவும் அமுக்குதுப்பா," என்றாள், உள்ளங்கையைப் பதித்து. பிறகு அம்மா சாப்பிடக் கூப்பிட, கையை இழுத்துக்கொண்டு ஓடினாள். இழுக்கும்போது ஒரு சத்தம் வந்தது. ஈர ரோலரைச் சுவரிலிருந்து எடுத்தால் வருமே, அந்தச் சப்பென்ற சத்தம்.

அன்று முழுவதும் அவன் இமைத்தான். கடைசியில் மனைவி கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, தலை வலியா?"

இரண்டு.

"பசியா? திருப்பிப் படுக்க வைக்கவா?"

இரண்டு. இரண்டு.

அவள் யோசித்தாள். "இந்தப் பெயிண்டா?"

ஒன்று! இமையை இறுக்கி, நெற்றி நரம்பு புடைக்க, ஒன்று.

"நெடி கண்ணை எரிக்குதா?"

இரண்டு, இரண்டு, இரண்டு. அவசரத்தில் ஒன்றோடொன்று குழைந்துபோயிற்று. கண்ணில் நீர் முட்டியது. அவளுக்குத் தெரிந்தது எரிச்சலில் படபடக்கும் இமைகள்தான்.

"அடடா, இப்படிக் கலங்குதே. சொல்லக்கூடாதா?" என்றவள், சொன்னதன் கொடுமையில் தானே உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து அவன் கண்களின் மேல் போட்டாள். அன்போடுதான் போட்டாள்.

சாயங்காலம் தம்பி எட்டிப் பார்த்தான். அண்ணி சொன்னதற்காகச் சுவரைத் தட்டினான். தடவினான்.

"காஞ்சு கட்டையா கெடக்குண்ணே. ரெண்டு நாள்ல நெடி போயிடும்."

அவனுக்கும் தொழில் தெரியும். ஆனால் ஓசி வேலையில் எவன் தலையைச் சாய்த்துப் பார்க்கிறான்? அவன் தடவியது மினுக்கம் நேற்று இருந்த இடத்தை. அது இப்போது ஜன்னலைத் தாண்டி, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் தலைமாட்டருகே வந்திருந்தது. வீடு, அம்மா, படுத்திருந்த அப்பா, எல்லாம் போயிருந்தன. நிற்கிற பட்டாணி மட்டும் சுவரில் மிச்சம் இருந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் வராமல் வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் நான்கு சுவரும் குடித்துக்கொண்டன. மனைவி துணியை நனைத்துப் பிழிந்து அவன் கண்களை மூடினாள்.

"துணி காயப்போட்டுட்டு வந்துடறேன். தூங்குங்க."

அவள் காலடி போயிற்று. கொல்லைக் கதவு கிரீச்சிட்டது. பக்கெட்டின் சத்தம். பிறகு பெயிண்ட் வாசனை. காய்ந்த பெயிண்ட் இப்படி வாசம் அடிக்காது. டப்பாவை இப்போதுதான் திறந்தது போல, மூக்கருகில், தலைக்கு மேலே.

பொத்தென்று பை விழுந்தது.

"அப்பா."

துணிக்கு அடியில் அவன் இமைத்தான். இல்லை. இல்லை.

"அப்பா, அது உங்ககிட்ட வந்திடுச்சு."

சின்னக் காலடிகள். கட்டிலைச் சுற்றி. தலைமாட்டுக்கு.

"ஜில்லுன்னு..."

சப்.

சிரிப்பு. கிச்சுக்கிச்சு மூட்டினாற்போல.

சப். சப்.

"அப்பா, விட மாட்டேங்கு..."

அவள் குரல் தட்டையாயிற்று. அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போல. பிறகு அதற்கும் அப்பால்.

பிறகு மின்விசிறி மட்டும்.

அவன் கழுத்தை அசைக்கப் பார்த்தான். துணி அசையவில்லை. ஈரத்தின் கனம்தான் அதற்கு. கைக்குட்டை அளவுத் துணி.

கொல்லைக் கதவு திறந்தது. மனைவி வந்து துணியை எடுத்தாள். கைகளில் சோப்பு வாசனை.

"பட்டாணி வந்தாளா? பை கெடக்கு."

ஒன்று.

"வெளிய ஓடிட்டாளா?"

இரண்டு.

"இங்கதான் இருக்காளா?"

அவன் கண்கள் சுவருக்குப் போயின. தலைமாட்டில் அந்தப் பெரிய மினுக்கம். அதன் இடுப்பளவில், அதன் பக்கத்தில், புதிதாக இன்னொன்று. சின்னதாக. உருண்டையாக.

ஒன்று.

அவள் முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்தான்.

"ஓஹோ. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து கண்ணாமூச்சி ஆடறீங்களா? இருங்க, ரெண்டு பேரையும் வச்சுக்கறேன்." குரலை உயர்த்தினாள். "ஏய் பட்டாணி, கட்டிலுக்கடியில இருக்கியா?"

கட்டிலுக்கடியில் பார்க்கக் குனிந்தாள். விழுந்துவிடாமல் இருக்க ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள்.

இரண்டு. இரண்டு. இரண்டு.

சுவருக்குள் சின்ன மினுக்கம் எழும்பியது. ஐந்து சின்ன விரல்களாகப் பிரிந்து, அம்மாவின் உள்ளங்கைக்கு நேராக வந்து பொருந்தியது.

"இங்க இல்லையே," என்று நிமிர்ந்தாள். கை வரவில்லை. இழுத்தாள். "அட, காயவே இல்லையா இது? உங்க தம்பி வேலையப் பாருங்க!" என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, திரும்ப எரியுதா? இதோ வந்துட்டேன், துணி நனைச்சுப் போடறேன்."

இரண்டு. இரண்டு.

அவள் ஒட்டிய கையை விடுவித்துக்கொள்ள, இன்னொரு கையையும் சுவரில் வைத்து அழுத்தினாள்.