கேட்பு வராத ஞாயிறு

ஞாயிறு காலை ஆறரைக்குக் கேட்புப் பலகை விழித்துக்கொள்ளும். சமையலறை வாசலில் பதித்த உள்ளங்கையளவு திரை அது. பல் துலக்கிக்கொண்டே அம்சவேணி அதைப் பார்ப்பாள். ‘அரிசி இரண்டு கிலோ’ என்றோ ‘ஒரு வாரப் பால் அட்டை’ என்றோ எழுத்து வரும். கேட்டதை மஞ்சள் பையில் கட்டிப் படியோரத் தொட்டியில் வைத்தால் ஆளில்லாச் சுமைவண்டி வந்து எடுத்துப்போகும். பதினோரு வருடமாக இப்படித்தான். அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

அந்த ஞாயிறு திரை வெறுமையாக இருந்தது.

கணவன் குணாளன் அதைக் கழற்றித் துடைத்து மாட்டினான். திரை மணி காட்டியது, வெயில் எவ்வளவு என்றது, நாளைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு என்பதுவரை சொன்னது. கேட்பு மட்டும் வரவில்லை. அவன் ஷிப்டுக்குக் கிளம்பினான். கால் மாற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதை அவள் பார்த்தாள்.

திருப்பூர்க் குடியிருப்புகளில் இந்தக் ‘கூட்டுக்கை’ ஏற்பாடு வந்ததே புற்றுநோய்க்காகத்தான். சிகிச்சை இலவசமாகி வெகுகாலம் ஆயிற்று. ஊசி மருந்துக்கு இப்போது யாரும் அலைவதில்லை. ஆனால் சிகிச்சை நடக்கும் ஒன்றரை வருடமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதற்கு ஊர் கைகொடுத்தது. கழிவுநீர்க் குழாயில் இருக்கும் ‘முன்னறிவி’ என்ற கருவி, எந்த வீட்டில் யாருக்கு நோய் என்று முதலிலேயே கண்டுபிடித்துவிடும். மருத்துவர்கள் உறுதி செய்யும்வரை, அதாவது நாலு வாரம், வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். கூட்டுக்கை அதுவரை சும்மா இருக்காது. எல்லா வீட்டிலும் கேட்டுச் சேர்த்துவைக்கும். யாருக்காகச் சேர்க்கிறதோ அந்த வீட்டில் மட்டும் கேட்காது. கேட்காமல் விட்டாலே விஷயம் தெரிந்துபோகும் என்பது சட்டம் எழுதிய புத்திசாலிகளுக்கு உறைக்கவில்லை.

அம்சவேணி விரல்விட்டு எண்ணினாள். வீட்டில் இருப்பதே மூன்று பேர். குணாளனா, தானா, ஏழு வயது மகள் யாழிசையா?

அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று அவளே ஒரு பையில் அரிசியும் பருப்பும் கட்டித் தொட்டியில் வைத்துவிட்டு வந்தாள். யாரும் கேட்காத பை. அடுத்த ஞாயிறும் திரை வெறுமைதான். அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு வாரமும் அவள் பை வைத்தாள்.

கேட்கும் சாமானைக்கொண்டே யாருக்கு நோய் என்று கணித்துவிடலாம். பதினோரு வருடம் கொடுத்தவளுக்கு அது தெரியும். அரிசி பருப்பு எல்லோருக்கும் பொது. வாடகை கேட்டால் அப்பாவுக்கு. சமைத்த சாப்பாடு கேட்டால் அம்மாவுக்கு. பெற்றவர்கள் வேலைக்குப் போகும்போது துணைக்கு உட்கார நேரம் கேட்டால் பிள்ளைக்கு. எனக்கே இருக்கட்டும், சோறாகவே கேட்கட்டும் என்று அம்சவேணி கும்பிடாத சாமி இல்லை.

மூன்றாம் வாரம் பொறுக்க முடியாமல் எதிர்வீட்டு சௌடேஸ்வரியிடம் போய் நின்றாள்.

“அக்கா, உங்ககிட்ட என்னங்க கேட்டுச்சு? சோறுங்களா?”

நாலு வருடமாக இவளோடு தண்ணீருக்குச் சண்டை போட்டவள் சௌடேஸ்வரி. அன்று சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சொல்லக் கூடாதே வேணி. நீ போயி வேலையப் பாரு கண்ணு.”

சண்டைக்காரி கண்ணு என்றதும் அம்சவேணி மேற்கொண்டு கேட்காமல் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து கவனித்தாள். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் சுவரைத்தான் பார்த்தார்கள்.

நான்காம் ஞாயிறு கழிந்து, திங்கள் காலை எட்டரைக்குச் சுமைவண்டி அவள் வாசலில் வந்து நின்றது. சாமான் இறங்கும் அன்று பத்து மணிக்கு மருத்துவமனை அழைக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். குணாளன் இன்னும் இரவு ஷிப்டிலிருந்து திரும்பவில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எண்ணெய், பருப்பு, சோப்பு, பால் அட்டை. அம்சவேணி உட்கார்ந்து பைகளை அவிழ்த்துக் கொட்டினாள். சோற்றுத் தூக்குவாளி தேடினாள், ஒன்றுகூட இல்லை. வாடகைச் சீட்டு தேடினாள், அதுவும் இல்லை.

பள்ளிக்கூட உடுப்போடு யாழிசை வந்து பக்கத்தில் குந்தினாள். நாலு மஞ்சள் பைகளை இழுத்து வரிசையாக வைத்தாள்.

“அம்மா, இது நம்ம பை. நீ போட்ட ரெட்டை முடிச்சு. நாம குடுத்தது நமக்கே எதுக்கு வருது?”

அம்சவேணி மிச்சமிருந்த பைகளை அவிழ்த்தாள். கடைசிப் பையின் அடியில் ஓர் அட்டை இருந்தது. கோணல் கையெழுத்து. ‘செவ்வாய், வியாழன். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நான் வந்து கூட இருக்கேன். சௌடேஸ்வரி.’

அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

“வண்டி மாத்திக் குடுத்துருச்சு சாமி. நீ போயி ஷூவ மாட்டு.”

யாழிசை எழுந்திருக்கவில்லை.

“நீயும் எதிர்வீட்டுப் பெரியம்மா மாதிரியே செவுத்தப் பாத்துப் பேசறே.”

அப்போதுதான் அம்சவேணிக்குத் தான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பயத்தோடு முகத்தைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.