வரிச்சிக்குடிக்கு வந்த பார்

"அதை எடுக்காதீங்க!"

பெட்டியின் ஒரு முனையில் இளவேனிலின் கை... மறுமுனையில் யாரோ ஒருவனின் கை. வெளியே காரைக்கால் பாரதியார் சாலையில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. டிவிக்கு அடியில் வைக்கும் சவுண்ட்பார்களில் அந்த மாடல் கடையில் அது ஒன்றுதான் மிச்சம்.

நிமிர்ந்து பார்த்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றிருந்தான். கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன. அதைக் கவனித்ததற்காகத் தன் மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏன், உங்க பேரு எழுதியிருக்கா?"

"இல்லைங்க... உங்க டிவி ரூம் எம்மாம் பெருசு?"

"பத்துக்குப் பத்து. அதுக்கென்ன?"

"அப்ப இது வேணாங்க. இதுகூட உம்மு உம்முன்னு இடிக்கிற பெட்டி ஒண்ணு வரும். சின்ன ரூம்ல வச்சா ஜன்னல் கதவெல்லாம் ஆடும். அந்தச் சின்ன பாரைப் பாருங்க. பேச்சு தெளிவா கேக்கும், விலையும் கம்மி."

"அம்புட்டு நல்லதுன்னா நீங்களே எடுத்துக்குங்களேன்?"

"எங்க வீட்டுக் கூடம் பெருசுங்க. வெளியில கடல் சத்தம் வேற."

அதானே பார்த்தேன்! கடைசிப் பெட்டியைத் தட்டிக்கொண்டு போகத்தான் இத்தனை அக்கறை... இளவேனில் பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டு முறைத்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அப்பா தெட்சிணாமூர்த்திக்குச் செய்தி காதில் விழவேண்டும். டிராக்டரிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். அவர் வைக்கும் சத்தத்தில் தெருவே செய்தி கேட்கிறது. ஆனால் காது மந்தம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். டிவிதான் மட்டம் என்பார்.

கடைக்காரர் அப்ரார் பாய் குறுக்கே வந்தார். "ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்க. சரிப்படலன்னா உங்களுக்குள்ளயே மாத்திக்கங்க. நம்பர் வாங்கிக்கங்க." பாய்க்கு இரண்டு வியாபாரமும் முடிந்தது.

அவன் பெயர் சிவபாலன். ஊர் கடலோரத்துக் காரைக்கால்மேடு. துறைமுகத்தில் ஐஸ் பேக்டரி சூப்பர்வைசர். அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் ஏற்கெனவே ஒரு சிவபாலன் இருந்ததால், 'சிவபாலன் பார்' என்று பதிந்துகொண்டாள்.

வரிச்சிக்குடி வீட்டில் அன்று மாலையே பெரிய பார் வேலையைக் காட்டியது. ஜன்னல் அதிர்ந்தது. ஷோகேஸில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டின. செய்தி வாசிக்கும் பெண் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் அப்பாவுக்குப் புரியவில்லை.

அவனிடமிருந்து செய்தி வந்தது. 'ஜன்னல் ஆடுதா?'

'ஆடலை' என்று போட்டாள். பொய்!

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும்... கூடவே அவன் அம்மா சீரியலோடு சேர்ந்து அழுவது, துறைமுகத்தில் வந்திறங்கிய மீன், கல்லூரி மரத்தில் கூடு கட்டிய குருவி என்று பேச்சு எங்கெங்கோ போனது. சாயங்காலம் ஆனால் கைபேசி எங்கே என்று அவள் கண் தேடியது. இது என்ன புதுப் பழக்கம்? தன்னையே அதட்டிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் ரோஷத்தை விட்டு எழுதினாள். 'ஆடுதுங்க...'

'ஞாயித்துக்கிழமை வர்றேன்!'

அதோடு விட்டிருக்கலாம். நேரம் கேட்க அவன் போன் செய்தபோது இளவேனில் குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தது அப்பா. திரையில் 'சிவபாலன் பார்'.

"யாரு?"

"சிவபாலன்ங்க. பார் விஷயமா பேசணும்."

"பாரா?"

"ஆமாங்க. பெரிய பார் உங்க வீட்டுக்கு ஒத்துவரலைன்னு உங்க பொண்ணு சொன்னாங்க. சின்ன பாரா நானே வந்து வச்சுத் தந்துடறேன். டிவி ரூம்லயே வச்சிடலாம்."

காரைக்காலில் பார் என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான், மதுக்கடை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வருவதே அதற்குத்தான். தெட்சிணாமூர்த்தியோ ஊருக்குள் ஒரு பார் வரவிருந்தபோது சனத்தைத் திரட்டி அதைத் தடுத்து நிறுத்தியவர்.

"குடியைக் கெடுக்குற பயலே! குடும்பம் நடத்துற வீட்டுல பார் வைக்க வர்றியா? என் வாசப்படிய மிதிச்சுப் பாரு!"

ஈரத்தலையோடு ஓடி வந்த இளவேனில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சௌந்தரவல்லி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "தெளிவாச் சொல்லணும்ல அவன்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

சிவபாலன் அவள் அழைப்பை எடுக்கவில்லை. செய்திதான் வந்தது. 'எங்க அப்பா குடிச்சே போய்ச் சேர்ந்தவரு. அதனால அந்த வார்த்தை வலிக்குதுங்க. பெட்டிய பாய் கடையில வச்சிடறேன். நீங்க அங்கயே மாத்திக்கங்க.'

இளவேனில் அதைத் திரும்பப் படித்தாள். பாய் கடையில் பெட்டி மாறிவிட்டால்... அதோடு எல்லாம் முடிந்துவிடும். சாயங்காலச் செய்தி வராது. அவளால் அதைத் தாங்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்களே பேசுங்கப்பா."

"நானா? எதுக்கு?"

"திட்டுனது நீங்கதானே..."

மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைபேசியை வாங்கினார். இந்த முறை அவன் எடுத்தான்.

"தம்பி... இளவேனில் அப்பா பேசறேன். எனக்குக் காது சரியாக் கேக்காதுப்பா. தப்பா வெளங்கிக்கிட்டுப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காம வாங்க. சாப்புட்டுட்டுத்தான் போகணும்."

அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றுபோனது. காது கேட்காது என்று அந்த மனிதர் சொல்லி அந்த வீடு கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினான். அவள் சின்ன பாரை அலமாரிக்குள்ளே தள்ளி வைத்தாள்.

"உள்ள தள்ளாதீங்க, சத்தம் அமுங்கிடும். விளிம்புல வைங்க... அந்த ஒயரை ஏஆர்சின்னு போட்டிருக்கற ஓட்டையில சொருகுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பக்கத்து ஓட்டையில சொருகுறீங்களா?"

கையை மாற்றினாள். டிவிக்குப் பின்னால் இருவர் விரல்களும் பட்டு விலகின. அவள் காது சூடானது. அவன் ரிமோட்டில் எதையோ அழுத்தினான். செய்திக்காரியின் குரல் தனியாகத் தெளிந்து வந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு டிவியை அணைத்து, அவள் கைபேசியை பாரோடு ப்ளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டையும் போட்டுக் காட்டினான்.

சாப்பிட்டான். பெரிய பெட்டியை பைக்கில் கட்டினான். தூறல் ஆரம்பித்திருந்தது. "வர்றேங்க" என்றான். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்... போய்விட்டான்.

டிவி ரூமுக்குள் வந்து சுவரில் சாய்ந்தாள். அப்பா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். கைபேசி அதிர்ந்தது. அவனிடமிருந்து குரல் செய்தி! அவசரமாகத் தொட்டாள்.

சின்ன பாரிலிருந்து அறை முழுக்க அவன் குரல் எழுந்தது.

"இளவேனில்... வாய்க்கால் பாலத்துகிட்ட மழையில நின்னு பேசறேன். பெட்டி மாத்தியாச்சு, இனிமே உங்ககிட்ட பேச எனக்குச் சாக்கே இல்ல. அதான் நேராவே சொல்லிடறேன்... உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. கடையில மொறச்சீங்களே, அப்பவே! புடிக்கலைன்னா பதில் போட வேணாம். ஆனா ஒண்ணுங்க... இது உங்க அப்பா காதுல விழுந்துடக் கூடாது."

இளவேனில் திரும்பினாள். நாற்காலியில் அப்பாவின் கண்கள் திறந்திருந்தன.

"ஒரு வார்த்தை விடாமக் கேக்குது" என்றார் அப்பா.

"அப்பா..."

"கடக்கரைக்காரங்க வீடும்மா. நம்ம சனம் பேசும்."

"பேசட்டும்ப்பா." ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

அவர் மெல்ல எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தார். கதவருகே நின்றார்.

"அந்தத் தம்பி மழையில நிக்குதாம். சட்டுன்னு ஒரு பதிலைச் சொல்லு."

உடனே அழைத்தாள். ஒரே மணியில் எடுத்துவிட்டான். இரண்டு பக்கமும் மழைச் சத்தம்தான்...

"எனக்கும் உங்களைத்தாங்க புடிச்சிருக்கு" என்றாள். "திரும்பி வாங்க. அப்பா காதுல எல்லாம் விழுந்துடுச்சு."