கூவியது குற்றம்!

"ஐயய்யோ... கொலை!"

சமையல்காரி ருக்மணி போட்ட கூச்சலில் மலாக்காவின் காஜா பெராங் பங்களாவே அதிர்ந்தது!

கூண்டுக்குள் பிணம். கழுத்து திருகப்பட்டு... கண்கள் பாதி மூடி... தலையில் செம்பருத்தி போல் சிவந்த கொண்டை!

இறந்தது ஒன்பதாம் நம்பர் சேவல்.

சாதாரணச் சேவலா அது? ஜப்பானியப் பேரரசின் விஞ்ஞானச் சொத்து!

ராணுவ டாக்டர் கேப்டன் மொரிதா இளமை மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். காயடித்த சேவலுக்குக் கொண்டை வெளுத்துச் சுருங்கிவிடும். ஊசி போட்டபின் அது மறுபடி வளர்ந்தால் மருந்து ஜெயித்தது என்று அர்த்தம். பன்னிரண்டு சேவல்களுக்குப் போட்டார். வளர்ந்தது ஒன்பதாம் நம்பருக்கு மட்டும். மற்ற பதினொன்றுக்கும் மலாக்கா வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்!

அந்த அதிசயத்தைப் பார்க்க இன்று காலை ஜெனரலே வருகிறார்.

மொரிதா ஓடி வந்தார். பின்னாலேயே மொழிபெயர்ப்பாளர் கணேசமூர்த்தி. ஜப்பான் மொழியில் சுமார்... குனிவதில் முதல் வகுப்பு!

கேப்டன் கத்தினார். கணேசமூர்த்தி குனிந்தார்.

"இது எதிரியோட ஒற்றன் வேலையாம். ராக்காவல் உன் புருஷன்தானே ருக்மணி?"

அதற்குள் இரண்டு சிப்பாய்கள் அவள் புருஷன் அப்பாசாமியை ரம்புத்தான் மரத்தில் கட்டிவிட்டார்கள்.

"ஜெனரல் வர்றப்போ சேவல் உயிரோட இருக்கணுமாம். இல்லாட்டி உன் புருஷன் தலை தனியா இருக்குமாம்!"

ருக்மணி மரத்தடிக்கு ஓடினாள்.

"ஏங்க... என்னதாங்க நடந்துச்சு?"

"பொழுது விடியறப்போ தண்ணி பிடிக்கப் போனேன் புள்ள. ஒன்பதாம் நம்பர் கூவுச்சு. ரெண்டு வாட்டி. மூணாவது வாட்டி பாதியிலயே நின்னுபோச்சு!"

"என்னது... கூவுச்சா?"

"சும்மா தொண்டையத் தொறந்து லா!"

ருக்மணி திகைத்தாள்.

காயடித்த சேவல் கூவாதே!

சீன முதலாளிகளின் பெருநாள் விருந்துக்காக நூற்றுக்கணக்கில் காயடித்த கை அவளுடையது. விலா எலும்புக்கு நடுவில் கீறி, இரண்டு விதையையும் முழுசாக எடுக்க வேண்டும். அரிசியளவு துணுக்கு உள்ளே நின்றாலும் போச்சு... அது வளரும். கொண்டை சிவக்கும். கூவும்!

'நான் அறுத்துத் தர்றேன்' என்று அன்றைக்கே கேட்டாள். 'இது விஞ்ஞானம், சமையல் இல்லை' என்று விரட்டிவிட்டு, தங்க ஃபிரேம் கண்ணாடியும் வெள்ளைக் கையுறையும் மாட்டிக்கொண்டு கேப்டனே அறுத்தார்.

ருக்மணி திரும்பி அவரைப் பார்த்தாள்.

வலது மணிக்கட்டில் மூன்று கீறல்கள். புத்தம் புதுசு. சேவல் நகம்!

அடுத்த நொடி அடுப்படிக் கத்தி அவள் கையில். பிணத்தின் விலாவைக் கீறினாள். விரலை விட்டாள்.

மொச்சைக் கொட்டை அளவில் ஒன்று வெளியே வந்தது!

"அண்ணே, கேப்டன்கிட்ட சொல்லுங்க. கொண்டை மருந்தால வளரல. இவரு மிச்சம் வெச்ச துண்டால வளர்ந்திருக்கு. கூவினதும் மானம் போயிடும்னு கழுத்தத் திருகிட்டாரு!"

"இதுக்கெல்லாம் எனக்கு ஜப்பான் வார்த்தை தெரியாதும்மா..."

"அப்ப காட்டுங்க!"

மொச்சையை அவர் உள்ளங்கையில் திணித்தாள். கணேசமூர்த்தி குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்... கோயில் பிரசாதம் போல!

கேப்டனின் முகம் வெளுத்தது. கை வாளுக்குப் போனது.

பாம்! பாம்!

வாசலில் ஜெனரலின் கார்!

"அவருகிட்டயும் காட்டவான்னு கேளுங்கண்ணே!"

அந்த அளவு ஜப்பான் மொழி கணேசமூர்த்திக்குத் தெரிந்திருந்தது.

கேப்டன் வாளை உருவினார்... பாய்ந்தார்... அப்பாசாமியின் கட்டை அறுத்தார்!

ஜெனரல் உள்ளே வந்தார். ஒன்பதாம் நம்பர் எங்கே என்றார்.

மொரிதா விறைப்பாக சல்யூட் அடித்து என்னவோ சொன்னார். கணேசமூர்த்தி ருக்மணியின் காதில் கிசுகிசுத்தார்.

"மருந்து குடுத்த வீரியத்தத் தாங்க முடியாம நெஞ்சு வெடிச்சு செத்துப்போச்சாம்!"

"அடப்பாவி!"

ஆனால்... ஜெனரலுக்கு என்ன ஆயிற்று?

நெஞ்சைப் பிடித்தார். தள்ளாடினார். தவிட்டு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து அலறினார்.

"என்னண்ணே சொல்றாரு?"

"ஒரு மாசமா இவரும் ரகசியமா அதே ஊசியப் போட்டுக்கிறாராம்!"

ஜெனரல் துப்பாக்கியை எடுத்தார். என்னையும் கொல்லப் பார்த்தாயா, துரோகி!

மொரிதா மண்டியிட்டார். சேவலைக் கொன்றது நான்தான்... மருந்து எதுவுமே செய்யாது... வெறும் தண்ணீர் மாதிரி, என்று கதறினார்.

பளார்! பளார்!

தங்கக் கண்ணாடி கூண்டுக்குள் போய் விழுந்தது. சிப்பாய்கள் கேப்டனை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஜெனரலுக்கு மூச்சு சீரானது. மீசையைத் தடவினார். யோசித்தார். கணேசமூர்த்தியை அருகில் அழைத்து, மெதுவாக எதையோ கேட்டார்.

கணேசமூர்த்திக்கு முகமெல்லாம் வெட்கம்.

"மருந்துல ஒண்ணுமே இல்லேன்னா... ஒரு மாசமா தான் வாலிபனாட்டம் துள்ளறது எப்படின்னு கேக்கறாரும்மா!"

ருக்மணி கத்தியைத் துடைத்தாள்.

"அவரைத்தான் நம்ம கேப்டன் அறுக்கலையேண்ணே!"