சுவரில் ஒரு சீனாக்காரி

ரெஜின் சாப்பாட்டு மேஜையில் தலை கவிழ்ந்து செத்துக் கிடந்தான்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் பாதி குடித்த கட்டன்சாயா. தரையெங்கும் பீங்கான் துண்டுகள்...

சரக்குக் கப்பலில் வேலை அவனுக்கு. எட்டு மாதம் கழித்து, பத்து நாள் முன்புதான் தேங்காய்ப்பட்டணம் வீட்டுக்கு வந்திருந்தான்.

"கள்ளன் சார்," என்றாள் மனைவி இசபெல். "மீன் வாங்கப் போயிட்டு வாறேன்... இவிய இப்படிக் கிடக்காவ."

இன்ஸ்பெக்டர் செல்வதாஸ் குனிந்தார்.

"உடைஞ்சது என்னம்மா?"

"சுவர்ல மாட்டியிருந்த படம். பீங்கான் பலகையில ஒரு சீனாக்காரிய வரைஞ்சிருக்கும். இவிய சீனாவுலேருந்து கொண்டு வந்தது."

குதிரை, பட்டு உடுப்பு, மடியில் நரம்பு வாத்தியம்... எல்லாம் பெரிய பெரிய துண்டுகள்.

முகம் மட்டும் மாவாகியிருந்தது. அருகில் அம்மிக் குழவி.

"அடிச்சிட்டு ஓடுற கள்ளனுக்கு, உக்காந்து ஒரு பொம்பளை முகத்தை இடிக்க நேரம் ஏதும்மா?"



இசபெல் உள்ளங்கையை விரித்தாள். கீறல்கள்.

"பத்து நாளா அவளையே பாத்துட்டிருந்தாவ சார். எனக்க முகத்தப் பாக்கல. 'ஆரு இவ?'ன்னு கேட்டேன். 'ராணி'ன்னு சொல்லிச் சிரிச்சாவ. இன்னைக்குக் காலையில, 'பெட்டியில இன்னும் மூணு பேரு இருக்காளுவ'ன்னாவ... அப்பதான் அந்தப் படத்தைக் கழட்டினேன்."

அறைக்குள்ளிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அபிதா அந்தப் பெட்டியோடு வந்தாள். உள்ளே மூன்று பீங்கான் பலகைகள். ஓர் இங்கிலீஷ் தாள்.

"சார், நாலும் ஒரே செட். சீன சரித்திரத்துல வர்ற நாலு அழகிங்க. உடைஞ்சவ ஒரு அரண்மனைப் பொண்ணு. தூர தேசத்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிட்டாங்க. அங்கே அவ ராணி."

"எப்போ?"

"ரெண்டாயிரம் வருசம் முன்னாடி."

இசபெல் நிமிர்ந்தாள்.

தாளின் ஓரத்தில் ரெஜினின் பென்சில் எழுத்து. மனைவிக்காகத் தமிழில் எழுதத் தொடங்கியிருந்தான். அபிதா குரலை இறக்கி வாசித்தாள்.

"'இசபெல், இவ கதையைக் கேட்டா நீ அழுதிருவ. வீட்டை நினைச்சுக்கிட்டே தூரத்துல கிடந்தவ. கப்பல்ல நான் உன்னை நினைச்சுக் கிடந்த மாதிரி...'"

அதற்கு மேல் எழுதவில்லை.

இசபெல் தரையில் உட்கார்ந்தாள். பீங்கான் மாவைக் கையால் கூட்டிச் சேர்க்கப் பார்த்தாள். விரலிடுக்கில் ஒழுகியது.

"எழும்புங்கம்மா," என்றார் செல்வதாஸ்.

அவள் எழவில்லை. அழுகைக்கு நடுவே சொன்னாள்:

"பாத்தா அவ்வளவு வயசு தெரியலியே, சார்."